கொசுவத்தி: பத்து நிமிஷம் சும்மா இருந்தா வரும் பிகாச்சு

ஆபீஸ்ல ஆணி அதிகம். ரெண்டு மாசமா இந்தப் பக்கமே எட்டிப் பார்க்கல. அதுக்கும் சேர்த்து இன்னிக்குக் கொஞ்சம் நீளமான கொசுவத்தி சுத்தப் போறேன். பொறுமை இருக்கறவங்க தொடரலாம், மத்தவங்க அடுத்த மொக்கைக்கு வாங்க :-)

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஊர்னா திருச்சி, மன்னார்புரம். வெளியூர்க்காரர்களுக்கு இந்தப் பேரைச் சொன்னால் புரியாது. ஜங்ஷன்லேர்ந்து டிவிஎஸ் டோல்கேட் போற வழியில, ஈ.பி. ஆபீஸ் இருக்கிற இடம்னு சொன்னால் "ஓ, அங்கயா" என்பார்கள். பண்டிகைக்கு முந்தின வாரம் பரண் சுத்தம் பண்ணுவது எங்கள் வீட்டு வழக்கம். நான் ஊருக்கு வருவதே பரண் ஏறத்தான் என்று அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறார். பித்தளை அண்டா, உடைந்த கொலுப்படி, எதற்கென்றே தெரியாத நாலு பலகை, எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு பழைய பெட்ஷீட்டைப் போர்த்திக்கொண்டு எங்கள் வீட்டு முதல் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருந்தது.

"பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுடுடா, மானிட்டர் ஒண்ணே பத்து கிலோ இருக்கும்" என்றார் அம்மா. போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை உயிர் இருக்கான்னு பார்த்துடலாமே என்று எனக்கு ஒரு நப்பாசை. பொட்டி தட்டுறவனுக்குப் பழைய பொட்டியைப் பார்த்தால் கை சும்மா இருக்காதே.

தூசி தட்டி ஒயரை எல்லாம் சொருகினேன். பவர் போட்டதும் ஃபேன் டிராக்டர் மாதிரி சத்தம் போட்டது. போர்டில் இருக்கிற சின்ன பேட்டரி செத்துப்போனதால் தேதி 2002 ஜனவரி 1-ன்னு காட்டியது. எஃப்1 அமுக்கச் சொன்னது, அமுக்கினேன். நம்ப மாட்டீங்க, விண்டோஸ் எக்ஸ்பி வந்துவிட்டது! அந்தப் பச்சை மேடு, நீல வானம், ஸ்டார்ட் சத்தம் எல்லாம் அப்படியே. உள்ளே என்ன இருக்குன்னு பார்க்கறதுக்குள்ள அம்மா காபி குடிக்கக் கூப்பிட்டார். திரும்பி வந்து பார்த்தால் கறுப்புத் திரையில் பிகாச்சு ஓடிக்கொண்டிருந்தது. இடமிருந்து வலம் ஓடும், நிற்கும், கன்னத்திலிருந்து மின்னல் அடிக்கும், அப்புறம் மறுபடி ஓடும். பத்து நிமிஷம் யாரும் தொடவில்லை என்றால் வருகிற ஸ்கிரீன்சேவர்.

இந்தப் பிகாச்சு மேல எனக்கு ஒரு பழைய கடுப்பு உண்டு. அதைச் சொல்லணும்னா 2006-க்குப் போகணும்.

அப்போ நான் நாலாம் வகுப்பு. ஒரு அசெம்பிள் பண்ற அண்ணன் வந்து இந்த மெஷினைப் பூட்டிக் கொடுத்தார். பென்டியம் 4, 40 ஜிபி ஹார்ட் டிஸ்க், 15 இன்ச் டப்பா மானிட்டர். அப்பாவுக்கு அது கம்ப்யூட்டர் இல்லை, வீட்டுக்கு வந்த மருமகள். மேலே போர்த்த அம்மாவை வைத்து ஒரு உறை தைத்தார். செருப்போடு அந்த அறைக்குள் போகக் கூடாது. போகிற போக்கில் அந்த அண்ணன் ஒரு வார்த்தையை விட்டுவிட்டுப் போனார். "சார், ஸ்கிரீன்சேவர் கண்டிப்பா போட்டு வைங்க, இல்லன்னா ஸ்கிரீன் போயிடும்."

அது முழுப் பொய்யும் இல்லை. பழைய படக்குழாய் மானிட்டரில் கண்ணாடிக்கு உட்புறம் பாஸ்பர் பூசியிருப்பார்கள். பின்னாலிருந்து எலெக்ட்ரான் கற்றை வந்து அதில் அடித்தால்தான் வெளிச்சம். ஒரே எழுத்து ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நின்றால் அந்த இடத்துப் பாஸ்பர் மட்டும் களைத்துப்போய், மெஷினை அணைத்தபிறகும் எழுத்தின் ஆவி திரையில் தெரியும். பழைய ஏடிஎம் திரைகளில் பார்த்திருப்பீர்கள். இதைத் தடுக்க 1983 டிசம்பரில் ஜான் சோச்சா என்பவர் ஐபிஎம் பிசிக்கு ஒரு குட்டி புரோகிராம் எழுதி சாஃப்ட்டாக் பத்திரிகையில் வெளியிட்டார். மூணு நிமிஷம் யாரும் எதையும் தொடவில்லை என்றால் திரையைக் கறுப்பாக்கிவிடும், அவ்வளவுதான். சுத்த சைவம். 1989-ல் பெர்க்லி சிஸ்டம்ஸ்காரர்கள் ஆஃப்டர் டார்க் என்று ஒன்றை விட்டார்கள், ரொட்டி சுடும் டோஸ்டருக்கு றெக்கை முளைத்துப் பறக்கும். அதிலிருந்துதான் ஸ்கிரீன்சேவர் என்பது திரையைக் காப்பாற்றும் வேலையை விட்டு வேடிக்கை காட்டும் வேலைக்குப் போனது. 1994-ல் விண்டோஸ் என்டி 3.5-ல் வந்த குழாய் பின்னும் ஸ்கிரீன்சேவரை எத்தனை ஆபீஸில் எத்தனை பேர் வாயைப் பிளந்து பார்த்திருப்பார்கள்!

உண்மையில் எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்த காலத்தில் கலர் மானிட்டர்கள் அவ்வளவு லேசில் கறை பிடிக்காது. சும்மா கிடக்கும்போது மானிட்டரையே தூங்க வைத்தால் கரண்டும் மிச்சம். ஆனால் அதை அப்பாவிடம் யார் சொல்வது? ஸ்கிரீன்சேவர் போடாமல் எழுந்து போனால் கேஸ் அடுப்பை மூடாமல் போன மாதிரி திட்டு விழும். (இப்போ ஓஎல்இடி திரை வந்தபிறகு அதே கறைப் பிரச்சனை திரும்பி வந்திருக்கிறது. அப்பா சரியாகத்தான் பயந்திருக்கிறார், பதினஞ்சு வருஷம் முன்கூட்டி.)

சரி, போட்டே ஆகணும்னா எதைப் போடுவது? அங்கேதான் நம்ம ஹீரோ வருகிறார். கோக்கு.

அன்றைக்கு எங்கள் தெருப் பசங்க யாரும் 'அனிமே' என்ற வார்த்தையைக் கேள்விப்பட்டதில்லை. எல்லாமே கார்ட்டூன்தான். டாம் அண்ட் ஜெர்ரியும் கார்ட்டூன், டிராகன் பால் ஸீயும் கார்ட்டூன். ஜப்பான்காரன் படம் என்றுகூடத் தெரியாது. கார்ட்டூன் நெட்வொர்க்கில் கோக்கு கத்திக் கத்தி, தலைமுடி தங்க நிறமாக மாறி, சூப்பர் சையன் ஆகும் காட்சிக்காகச் சோற்றுத் தட்டோடு டிவி முன்னாடி உட்கார்ந்திருப்போம். முடி மாறி முடிப்பதற்குள் அன்றைய எபிசோடு முடிந்துவிடும், சோறும் காய்ந்துவிடும். பேபிளேடு வந்தபிறகு தெருவில் பம்பரத்துக்கே மதிப்பு போச்சு. சிங்காரத்தோப்பு பிளாட்பாரத்தில் டூப்ளிகேட் பேபிளேடு வாங்கித் தரச்சொல்லி அழுத கதையைத் தனியாக எழுதலாம்.

வகுப்பில் ஒரு பையன் வீட்டில் கோக்கு ஸ்கிரீன்சேவர் இருந்தது. ரொம்ப எளிய சரக்கு அது. ரசிகர் யாரோ இருபது படத்தைச் சேர்த்து, ஒன்று கரைந்து இன்னொன்று வருகிற மாதிரி செய்து, பின்னால் டொய்ங் டொய்ங் என்று ஒரு மிடி இசையை ஒட்டியிருப்பார். படத்தைக் கொடுத்தால் ஸ்கிரீன்சேவராகக் கட்டிக் கொடுக்கிற சாஃப்ட்வேர்கள் அப்போது ஏகப்பட்டது கிடைத்தன. கொஞ்சம் கைதேர்ந்தவர்கள் ஃப்ளாஷில் செய்வார்கள், அதில் உருவம் அசையும். காப்புரிமையாவது ஒண்ணாவது! அசெம்பிள் கடைகளில், கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த சிடிகளில், பிரவுசிங் சென்டர் டெஸ்க்டாப்களில், எங்கும் இந்த மாதிரிச் சரக்கு சுற்றிக்கொண்டே இருக்கும். பிரவுசிங் சென்டர்னா இன்னொண்ணு ஞாபகம் வருது. மேட்ரிக்ஸ் படத்தின் பச்சை எழுத்து மழை அங்கே பாதி மெஷினில் ஓடும். அந்த எழுத்துக்களில் நிறைய ஜப்பானிய கதகானா என்பதும், அந்தப் படத்துக்கே 1995-ல் வந்த கோஸ்ட் இன் த ஷெல் என்ற அனிமே பெரிய தூண்டுதல் என்பதும் காலேஜ் போனபிறகுதான் தெரிந்தது. தெரியாமலேயே எல்லாரும் ஜப்பானைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

எனக்கு அந்தக் கோக்கு வேண்டும். 2007 கோடை லீவில் அவன் வீட்டிலிருந்து பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். வந்தது கோக்கு மட்டும் இல்லை.

இங்கே கொஞ்சம் டெக்னிக்கல் ஜல்லி அடிக்க அனுமதி வேண்டும். விண்டோஸில் ஸ்கிரீன்சேவர் என்பது எஸ்சிஆர் என்று முடியும் ஒரு ஃபைல். அது படமும் இல்லை, வீடியோவும் இல்லை. அப்பட்டமான இஎக்ஸ்இ, பேர் மட்டும் வேறு. விண்டோஸ் அதைக் கூப்பிடும்போது ஸ்லாஷ் எஸ் என்று சொன்னால் முழுத் திரையில் ஓடும், ஸ்லாஷ் சி என்றால் அமைப்புகளைக் காட்டும், ஸ்லாஷ் பி என்றால் அந்தக் குட்டி மானிட்டர் படத்துக்குள் முன்னோட்டம் காட்டும். மற்றபடி ஒரு புரோகிராம் என்னவெல்லாம் செய்யுமோ அத்தனையும் செய்யும். எக்ஸ்பியில் ஃபைல் பெயரின் வாலை மறைத்துவைப்பதுதான் வழக்கமான அமைப்பு என்பதால், டபுள் கிளிக் பண்ணுகிறவனுக்குத் தான் எதைக் கிளிக் பண்ணுகிறோம் என்றே தெரியாது. வைரஸ் எழுதுகிறவர்களுக்கு இதைவிட நல்ல முகமூடி கிடைக்குமா? இணையத்தில் தேடுவதற்கு ஆபத்தான சொற்கள் என்று 2009-ல் மெக்காஃபி ஒரு பட்டியல் போட்டபோது ஸ்கிரீன்சேவருக்கு அதில் முன்வரிசை இடம் கிடைத்தது. எனக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே பிராக்டிகல் எக்ஸாம் முடிந்துவிட்டது.

கோக்கு ரெண்டு நாள் அழகாக ஓடினார். மூணாம் நாள் டாஸ்க் மேனேஜர் திறக்க மாட்டேன் என்றது. நாலாம் நாள் அப்பாவின் ஃபோல்டர் காணவில்லை. அதே பெயரில் ஃபோல்டர் மாதிரியே மஞ்சள் படத்தோடு ஒன்று இருந்தது, கிளிக் பண்ணினால் ஒன்றும் வரவில்லை.

அந்த ஃபோல்டரில் என்ன இருந்தது என்று இப்போது சொல்ல வேண்டும்.

தாத்தா பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். மன்னார்புரத்திலிருந்து தினமும் சைக்கிளில் போய்வந்தவர். ஓய்வு பெற்றபிறகு மூணு கணக்கு நோட்டு நிறைய எழுதிவைத்திருந்தார். வேலைக்குச் சேர்ந்த கதை, நீராவி என்ஜின் பாய்லருக்குள் இறங்கிய கதை, 1974 மே மாத ரயில்வே ஸ்டிரைக்கில் மூணு வாரம் வீட்டில் அடுப்பு எரிந்த கதையும் எரியாத கதையும். தாத்தா 2004-ல் போய்விட்டார். கம்ப்யூட்டர் வாங்கியதே அதை டைப் அடிக்கத்தான் என்று அப்பா எல்லாரிடமும் சொல்வார். தினமும் ஆபீஸ் விட்டு வந்து, முகம் கழுவி, ரெண்டு விரலால் பாமினி எழுத்துருவில் தட்டுவார். ஒரு பக்கம் முடிய ஒரு மணி நேரம். முதல் நோட்டு முழுசும் முடித்துவிட்டார். முடித்துவிட்டோமே என்ற நிம்மதியில் அதைப் பரணில் வைத்தார், அந்த வருஷ மழையில் கரையான் தின்றுவிட்டது. "பரவால்ல, அதான் கம்ப்யூட்டர்ல இருக்குல்ல" என்று அப்பா சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

சரி பண்ணித் தருவதாக ஒருவர் வந்தார். முன்பு பூட்டிய அண்ணன் இல்லை, வேறு ஒருவர். பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். "எல்லாம் போச்சு சார், ஃபார்மட்தான்" என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "சரி, பண்ணிடுங்க" என்றார்.

என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ராத்திரி அம்மா கேட்டபோது அப்பா "கரண்டு கட்டாகி வந்துச்சுல்ல, அதுல போயிருக்கும்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் மெஷின் புதுசாக வந்தபோது ஸ்கிரீன்சேவராகப் பிகாச்சு இருந்தது. எனக்கு ஏமாற்றம். கோக்கு இருக்கிற இடத்தில் இந்த எலி எதுக்கு? சரி பண்ண வந்தவர் தன் சிடியில் இருந்ததை எதையோ போட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். மாற்றவும் பயம். அப்படியே விட்டுவிட்டேன். மீதி ரெண்டு நோட்டை அப்பா டைப் அடிக்கவே இல்லை.

பின்னாளில் இன்ஜினியரிங் படிக்கும்போது ஒரு நாள் இந்த ரக பென் டிரைவ் வைரஸ் பற்றிப் படித்தேன். அது ஃபோல்டரை அழிக்காது. மறைத்து வைத்துவிட்டு, அதே பெயரில் தன்னைக் கொண்டுவந்து வைத்துக்கொள்ளும். அட்ரிப் என்று ஒரே ஒரு வரிக் கட்டளை. அடித்திருந்தால் எல்லாம் திரும்பி வந்திருக்கும். அன்றைக்கு ஹாஸ்டலில் நான் சாப்பிடப் போகவில்லை.

தீபாவளிக்கு வருவோம். பிகாச்சு ஓடிக்கொண்டிருக்க, அப்பா கண்ணாடியைத் துடைத்தபடி உள்ளே வந்தார். ரிட்டயர் ஆகி மூணு வருஷம் ஆகிறது.

"அட, இது இன்னும் இருக்கா?"

"இருக்குப்பா. யாரோ ரிப்பேர் பண்ண வந்தவர் போட்டுட்டுப் போனது."

"அவன் எங்க போட்டான்? நான்ல போடச் சொன்னேன். நீ அதைத்தானே போட்டு வெச்சிருந்த. மஞ்சளா ஒண்ணு வருமே."

மஞ்சளா ஒண்ணு! கோக்குவின் மஞ்சள் முடியை அப்பா பார்த்திருக்கிறார். "பையனுக்குப் பிடிச்சது, மஞ்சளா ஒரு பொம்மை" என்று அவரிடம் சொல்லியிருக்கிறார். அவர் தன்னிடம் இருந்த மஞ்சள் பொம்மையைப் போட்டுவிட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறு என்னவோவும் வந்தது.

"அப்பா, அது வழியாத்தான் வைரஸ் வந்துச்சு. நான் கொண்டுவந்ததுதான்."

"தெரியுமே. ஃபார்மட் பண்ணினவன் அன்னிக்கே சொன்னான்."

"அப்புறம் ஏன் என்னைத் திட்டல?"

"திட்டினா வந்துடுமா? நீ ரெண்டு நாளா சரியா சாப்பிடாம சுத்திட்டிருந்த. அது போதாதா?" என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் காபி இருக்கிறதா என்று கேட்கப் போய்விட்டார். பதினெட்டு வருஷமா நான் தூக்கிக்கொண்டு அலைந்த மூட்டையை அவர் இறக்கி வைக்க எடுத்துக்கொண்டது அரை நிமிஷம்.

அதற்கப்புறம் மானிட்டரை மட்டும்தான் இரும்புக் கடைக்குப் போட்டோம். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எடுத்துக்கொண்டேன். ஃபார்மட் பண்ணினால் எல்லாம் அழிந்துவிடும் என்பது பாதி உண்மைதான். சாதாரணமாக அவசரத்துக்குச் செய்கிற ஃபார்மட்டில் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற அட்டவணைதான் போகும். வீட்டுக் கதவு எண்களை எல்லாம் அழித்த மாதிரி, வீடுகள் நிற்கும். அதன்மேல் புதுசாக ஏதாவது கட்டினால்தான் பழைய வீடு இடிபடும். நாங்கள் கட்டியிருந்தோம், ஏழு வருஷமாகப் பாட்டும் படமுமாக. முக்கால்வாசிக் குற்றவாளி நான்தான்.

பழைய ஐடிஇ டிஸ்க்கை யுஎஸ்பியில் மாட்ட ஒரு வயர் ஆன்லைனில் வாங்கினேன். முதலில் டிஸ்க்கை அப்படியே ஒரு நகல். (எக்ஸ்பியைப் பூட் பண்ணும் முன்னாலேயே இதைச் செய்திருக்க வேண்டும். ஆர்வக்கோளாறு.) நகல் மீது ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட விட்டேன். அது அட்டவணையை நம்பாது. டிஸ்க்கின் ஒவ்வொரு துண்டையும் புரட்டி, இது வேர்டு ஃபைலின் தலை மாதிரி இருக்கிறதே, இது படத்தின் தலை மாதிரி இருக்கிறதே என்று முகத்தைப் பார்த்து அடையாளம் சொல்லும். ராத்திரி ஓட விட்டுத் தூங்கினேன். காலையில் ஆயிரக்கணக்கில் ஃபைல்கள், ஒன்றுக்கும் பெயர் இல்லை, எண்தான். கோக்கு படம் மட்டும் பதினாலு கிடைத்தது! அந்த ஆள் சாகவே மாட்டார்.

வேர்டு ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். பாதி உடைந்தவை. பதினாறாவதோ பதினேழாவதோ திறந்தபோது திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை. பார்த்ததும் புரிந்துவிட்டது. பாமினியில் 'அம்மா' என்று அடிக்க எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்று தட்ட வேண்டும். எழுத்துரு இல்லாத மெஷினில் அது அப்படியே அந்தக் குப்பையாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றினேன். பொன்மலை என்ற வார்த்தை வந்தது. லேப்டாப்பை மூடிவிட்டு ஒரு சுற்று நடந்துவிட்டு வந்துதான் மிச்சத்தைப் படித்தேன்.

மொத்தம் பத்தொன்பது பக்கம் தேறியது. அறுபதுக்கும் மேல் இருந்த இடத்தில் பத்தொன்பது. முதல் நாள் பணிமனைக்குள் போனது இருக்கிறது. ஸ்டிரைக் நேரத்தில் பாட்டி தோட்டை அடகு வைத்தது இருக்கிறது, மீட்டது இல்லை. பாய்லர் கதை நடுவில் நிற்கிறது.

பொங்கலுக்குப் போனபோது அப்பாவுக்குத் தெரியாமல் லேப்டாப்பில் திறந்து அவர் முன்னால் வைத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் அவர் சொன்ன முதல் வார்த்தை, "பணிமனைக்கு மூணு சுழி ண போட்டிருக்கணும், ரெண்டு சுழி போட்டிருக்கேன் பாரு." எழுத்தைப் பெரிசாக்கச் சொன்னார், ஆக்கினேன். வரிக்கு வரி விரலை வைத்துப் படிக்க ஆரம்பித்தார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு பக்கத்தைத் தாண்ட அவருக்கு ரொம்ப நேரம் ஆகிறது. நடுவில் திரை பட்டென்று இருண்டது.

"டேய் தம்பி, போச்சுடா! மறுபடியும் போச்சு!"

"ஒண்ணும் போகலப்பா. தொடாம இருந்தா அதுவா அணையும்."

மவுசை அசைத்தேன், தாத்தா வந்துவிட்டார். செட்டிங்ஸுக்குப் போய்த் திரை அணைகிற நேரத்தை 'எப்போதும் வேண்டாம்' என்று மாற்றி வைத்தேன். அப்பா விட்ட இடத்தைத் தேடி மறுபடி விரலை வைத்தார். மீதி ரெண்டு நோட்டும் பீரோவில் பத்திரமாக இருக்கிறது, ஃபோனில் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்துவிட்டேன். ஆனால் டைப் அடிப்பது தன் வேலை என்று சொல்லிவிட்டார். அதே ரெண்டு விரல். நேற்று ஃபோனில் கேட்டேன், இரண்டாம் நோட்டில் நாலாம் பக்கமாம்.